காரணம் தெரியாத கால் வலியா? நாலு கேள்வி, ஒரு நோட்டு!



இந்த மாத நலவாழ்வுப் பாடம் நம்ம கால்களைப் பற்றியது.

நடவு, களையெடுப்பு, தண்ணீர்க் குடம், ரேஷன் கடை வரிசை, பேங்க், குழுக் கூட்டம் என்று நாள் முழுக்க நம்மைச் சுமந்து போவது இந்த இரண்டு பாதங்கள்தான். ஆனால் ஒரு நாளாவது காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்திருக்கிறோமா? முள் குத்தினால் பார்ப்போம். மற்றபடி "கால் வலிதானே, வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு அக்காவின் கதையோடு பாடத்தை ஆரம்பிக்கலாம். பெயரும் ஊரும் வேண்டாம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

மூன்று முறை கடன், ஒரு முறைகூட கேள்வி இல்லை

அந்த அக்காவுக்கு 46 வயது. குழு ஆரம்பித்த நாளிலிருந்து உறுப்பினர். சந்தா ஒரு மாதம்கூட தவறியதில்லை. இரண்டு வருடமாக அவருக்குக் கால் எரிச்சல். ராத்திரி படுத்தால் உள்ளங்கால் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். தண்ணீரை நனைத்துத் துணி சுற்றிக்கொண்டு தூங்குவார்.

"வாயு" என்றார் ஒருவர். "உடம்பு சூடு" என்றார் இன்னொருவர். ஊசி போட்டார், எண்ணெய் தேய்த்தார், மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். இதற்காகக் குழுவில் மூன்று முறை உள்கடன் வாங்கினார். முதலில் 2,000, பிறகு 3,000, கடைசியில் 5,000. தவணையும் ஒழுங்காகக் கட்டினார்.

ஒரு கட்டத்தில் எரிச்சல் குறைந்தது. "வலி போயிடுச்சு"ன்னு அவரும் சந்தோஷப்பட்டார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரு நாள் குதிகால் கனமாக இருக்கிறது என்று, நம் ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி, செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு, காலை வைத்து ஒத்தடம் கொடுத்தார். சூடே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தார். மறுநாள் காலில் கொப்புளம். அது புண்ணாகி, விரல் வரை பரவி, பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அங்கேதான் முதல் முறையாகச் சர்க்கரை பார்த்தார்கள். 380 இருந்தது.

"வலி போனது நல்லதுக்குன்னு நினைச்சேன் தங்கச்சி. போனது வலி இல்லையாம், உணர்ச்சியாம்" என்று அந்த அக்கா எங்களிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நாங்கள் தீர்மான நோட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்று இடத்தில் "மருத்துவச் செலவுக்காகக் கடன்" என்று எழுதியிருந்தது. மூன்று தடவையும் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். "என்ன வலி? எங்கே? எப்போ?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடன் கொடுத்தோம், காது கொடுக்கவில்லை.

அதனால்தான் இந்தப் பாடம்.

காரணம் இல்லாத வலி உண்டா?

"எனக்குக் காரணமே இல்லாம கால் வலிக்குது" என்று நாம் சொல்கிறோம். அடிபடவில்லை, முள் குத்தவில்லை, வீக்கம் இல்லை, ஆனால் வலிக்கிறது. உண்மையில் பெரும்பாலும் அது காரணம் இல்லாத வலி இல்லை. காரணத்தைத் தேடாத வலி.

காலில் வலி வர எலும்பு, தசைநார், மூட்டு, நரம்பு, ரத்தக்குழாய் என்று பல இடங்கள் உண்டு. சில சமயம் கோளாறு காலிலேயே இருக்காது. இடுப்பில் நரம்பு அழுந்தினால் வலி பாதத்தில் தெரியும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் எரிச்சல் பாதத்தில் தெரியும். ஆகவே வலிக்கிற இடத்தில் எண்ணெய் தேய்த்தால் மட்டும் போதாது. வலி என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அதற்கு நாலே நாலு கேள்வி போதும்.

1. எங்கே? குதிகாலா, விரலா, கணுக்காலா, கெண்டைக்காலா? ஒரு காலா, இரண்டு காலுமா?

2. எப்போ? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதா? நடந்தாலா? நின்றாலா? ராத்திரி படுத்த பிறகா?

3. எப்படி? குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா, எறும்பு ஊர்கிற மாதிரியா, மரத்துப்போகிறதா?

4. கூட வேறென்ன? வீக்கம், நிற மாற்றம், புண், காய்ச்சல், இடுப்பு வலி, அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைப்பு?

இந்த நான்குக்கும் பதில் கிடைத்தாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். சில உதாரணங்கள் பார்ப்போம்.

பதில்கள் எதைக் காட்டுகின்றன?

*காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீர் என்கிறது. பத்து இருபது அடி நடந்தால் குறைகிறது. சாயங்காலம் மறுபடி வருகிறது.*
நம் பெண்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார் போகிறது. ரொம்ப நேரம் நிற்பது, வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நடப்பது, தேய்ந்த செருப்பு, உடல் எடை கூடுவது இவற்றால் அந்த நார் நொந்துபோகிறது. எக்ஸ்ரேயில் "எலும்பு வளர்ந்திருக்கு" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி இருக்கும். பயிற்சியும் நல்ல செருப்பும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில மாதங்களில் சரியாகிவிடும். பொறுமைதான் வேண்டும்.

*இரண்டு பாதத்திலும் எரிச்சல், ஊசி குத்தல், மரமரப்பு. விரல் நுனியில் ஆரம்பித்து சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறுகிறது. ராத்திரி அதிகம்.*
இது நரம்புக் கோளாறின் அடையாளம். முதலில் சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோய். அடுத்து வைட்டமின் பி12 குறைவு. பால், தயிர், முட்டை, மீன், கறி எதுவும் அதிகம் சாப்பிடாதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, குடிப்பழக்கம் இவற்றாலும் வரும்.

*கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நின்றால் சரியாகிறது. மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது.*
காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டு ஆண்களையும் கேட்டுப் பாருங்கள்.

*நின்றால் கால் கனக்கிறது. சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. காலை உயர்த்தி வைத்தால் சுகம். கெண்டைக்காலில் பச்சை நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது.*
இது வெரிகோஸ் என்கிற நரம்புச் சுருட்டல். பலமுறை பிள்ளை பெற்றவர்கள், நின்றே வேலை செய்பவர்களுக்கு வரும். கணுக்கால் கிட்டே தோல் கறுத்தால், அரித்தால் புண்ணாவதற்கு முன்பே காட்ட வேண்டும்.

*இரண்டு காலிலும், கையிலும் சின்ன மூட்டுகள் வலிக்கின்றன. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு விடவில்லை.*
முடக்குவாதமாக இருக்கலாம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் விரல்கள் கோணாமல் காப்பாற்றலாம்.

*ராத்திரி திடீரென்று கால் பெருவிரல் மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி.*
யூரிக் அமிலம் கூடியதால் இருக்கலாம். பெண்களுக்கு இது மாதவிடாய் நின்ற பிறகுதான் அதிகம் வரும்.

*இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை ஒரு பக்கமாக இழுக்கிறது. இருமினால், குனிந்தால் கூடுகிறது.*
கோளாறு முதுகெலும்புப் பக்கம். காலைத் தேய்த்துப் பயன் இல்லை.

*உடம்பில் எங்காவது வெளுத்த அல்லது சிவந்த படை. அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை. காலும் மரத்துப்போகிறது.*
தொழுநோயா என்று பார்க்க வேண்டும். மறைக்க வேண்டாம், வெட்கப்பட வேண்டாம். 6 மாதம் அல்லது 12 மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகும். அரசு மருத்துவமனையில் இலவசம். பரம்பரை நோயும் இல்லை, சாபமும் இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். இவை அடையாளங்கள் மட்டும்தான். "எனக்கு இதுதான்" என்று நாமே முடிவு கட்டி மருந்து சாப்பிடுவதற்காக எழுதவில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான்.

"எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க!"

பல சகோதரிகளின் வருத்தம் இது. "எக்ஸ்ரே எடுத்தேன், ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. வீட்டுல நான் நடிக்கிறேங்கிறாங்க."

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். நரம்பைக் காட்டாது. நொந்துபோன நாரையும் காட்டாது. எலும்பில் வேலை பளுவால் வருகிற மயிரிழை விரிசல்கூட முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்றால் "எலும்பில் பெரிய கோளாறு தெரியவில்லை" என்று மட்டும்தான் அர்த்தம். வலி பொய் என்று அர்த்தம் இல்லை.

அப்போது கேட்க வேண்டியது: "சர்க்கரை பார்க்கணுமா? ரத்தசோகை, தைராய்டு, பி12 பார்க்கணுமா? நரம்பு, ரத்த ஓட்டம் பார்க்கணுமா?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நம் உடம்பு, நம் கேள்வி.

சர்க்கரை கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். சாப்பிடாமல் எடுத்தால் 126 அல்லது அதற்கு மேல், மூன்று மாத சராசரிப் பரிசோதனையில் 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய். வேறு தொந்தரவு இல்லாதவர்களுக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்த தன்னார்வலர்களில் நம்மைப் போன்ற குழுப் பெண்களும் உண்டு. "எனக்கெல்லாம் வராது" என்று கையை நீட்ட மறுத்தவர்களும் நம்மில் உண்டு!

வலிக்கும் ஒரு கணக்கு நோட்டு

வரவு, செலவு, சந்தா, தவணை என்று ஒரு ரூபாய் விடாமல் எழுதுகிறோம். அதே பழக்கத்தை வலிக்கும் கொண்டு வருவோம். பிள்ளைகளின் பழைய நோட்டில் மிச்சப் பக்கம் போதும். இரண்டு வாரம் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளையோ ஊக்குநரையோ எழுதச் சொல்லலாம். வலிக்கு 10 மார்க்குக்கு எத்தனை என்று போடுங்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10.

இப்படி எழுதலாம்:

*திங்கள்:* காலை எழுந்ததும் வலது குதிகால், 7. நடந்த பிறகு 3. பகல் முழுக்க களையெடுப்பு. மாலை 6.
*செவ்வாய்:* காலை 7. வேலைக்குப் போகவில்லை. மாலை 3.
*புதன்:* காலை 6. கல்யாண வீட்டில் நின்று பரிமாறினேன். மாலை 8. வலி மாத்திரை 1.

மூன்று நாளிலேயே தெரிகிறது பாருங்கள். நின்றால் கூடுகிறது, ஓய்வில் குறைகிறது. டாக்டரிடம் போனால் கூட்டத்தில் நமக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "கால் வலிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கிடைக்கும். "மூணு மாசமா வலது குதிகால்ல வலிங்க. காலையில முதல் அடியில அதிகம், நடந்தா குறையுது, நின்னா கூடுது. சர்க்கரை இன்னும் பார்க்கலை" என்று சொன்னால் வைத்தியமே வேறு மாதிரி நடக்கும். என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டோம் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கூட்டத்திலேயே செய்யலாம்: விரல் தொடு சோதனை

உணர்ச்சி குறைந்திருப்பது நமக்கே தெரியாது. அதுதான் ஆபத்து. இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து செய்யுங்கள்.

1. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

2. "தொட்டதும் வலதா, இடதா என்று சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

3. மற்றவர் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனியை இறகு பட்ட மாதிரி, ஒன்றிரண்டு வினாடி மட்டும் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது.

4. வரிசை: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். மொத்தம் ஆறு. ஒரு விரலை ஒரு முறைதான் தொட வேண்டும். சொல்லவில்லை என்றால் திரும்பத் தொட வேண்டாம்.

ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆறும் தெரிந்துவிட்டால் மகிழ்ச்சி. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

குதிகால் வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை

* காலையில் எழுந்ததும் காலைத் தரையில் வைக்காதீர்கள். உட்கார்ந்தபடியே ஒரு துண்டைப் பாதத்தின் முன்பக்கம் மாட்டி, முட்டியை மடக்காமல் உங்கள் பக்கம் இழுங்கள். 20 எண்ணும் வரை பிடியுங்கள். மூன்று முறை. பிறகு எழுந்திருங்கள்.

* சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்பக்கம் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். 30 எண்ணுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

* தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் வைத்து ஐந்து நிமிடம் உருட்டுங்கள். சோறு வடிய உட்கார்ந்திருக்கும் நேரம் போதும்.

* வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். இதற்கென்று ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட மனசு வர வேண்டும். 

* நின்றே செய்கிற வேலைக்கு நடுவில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். உடல் எடை அதிகம் என்றால் கொஞ்சம் குறைந்தாலும் குதிகாலுக்கு லாபம்.

ஆறு வாரம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

வேண்டவே வேண்டாம்

* சர்க்கரை உள்ளவர்கள், கால் மரத்தவர்கள் செங்கல் ஒத்தடம், சுடுதண்ணீரில் கால் வைப்பது, தவிட்டு ஒத்தடம் எதுவும் கூடாது. சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.

* மெடிக்கல் கடையில் கேட்டு வாரக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட வேண்டாம். வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும். பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எரிச்சல், குத்தல் போன்ற நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அதற்குத் தனி மருந்து உண்டு, டாக்டர்தான் எழுத வேண்டும்.

* என்ன ஊசி என்று தெரியாமல் குதிகாலில் திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். நார் அறுந்துபோகவும் வாய்ப்புண்டு.

* கால் ஆணியைப் பிளேடால் சீவ வேண்டாம்.

மரத்துப்போன காலுக்குத் தினம் ஐந்து நிமிடம்

தினமும் ராத்திரி காலைக் கழுவி, விரல் இடுக்கு வரை ஈரம் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்கால் தெரியவில்லை என்றால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வையுங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனால் விரல் இடுக்கில் வேண்டாம்.

குளிக்கிற தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள், முழங்கையால் பாருங்கள். செருப்பைத் தட்டி, உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துப் போடுங்கள். பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு நல்லது.

மெட்டியைக் கவனியுங்கள்! விரல் கொஞ்சம் வீங்கினாலும் மெட்டி அறுத்துவிடும். மரத்த விரலுக்கு அது தெரியாது. கழற்ற மனசு இல்லை என்றால் தளர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போனால் வெயில் ஏறுவதற்கு முன் காலையிலோ, இறங்கிய பிறகு சாயங்காலமோ பிரகாரம் சுற்றுங்கள். மதிய வெயிலில் கல் தரை சுடும். தீ மிதிப்பது, வெறுங்காலில் பாதயாத்திரை போவது எல்லாம் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

சின்னப் புண்ணாக இருந்தாலும், வலிக்காவிட்டாலும், அன்றைக்கே சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல் போட்டு நாளைக் கடத்தாதீர்கள்.

தள்ளிப் போடக் கூடாத அடையாளங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கூட்டம், கூலி எதையும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி இல்லை என்றால் 108.

* ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலிப்பது. பிரசவம், ஆபரேஷன், பல நாள் படுக்கைக்குப் பிறகு இது ரத்தக் கட்டியாக இருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

* கால் திடீரென ஜில்லிட்டு, வெளுத்து அல்லது நீலம் பூத்து, கடுமையாக வலிப்பது.

* விரல் கறுப்பது, புண்ணில் நாற்றம், காய்ச்சலோடு சிவந்து பரவும் வீக்கம்.

* கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாதது.

* இடுப்பு வலியோடு கால் பலம் குறைவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது.

* செருப்பு காலை விட்டுக் கழன்றதே தெரியாமல் நடந்து வருவது. இதற்கு 108 வேண்டாம், ஆனால் அந்த வாரமே டாக்டர் வேண்டும்.

குழுவில் கலந்து பேச

1. நம் குழுவில் ஒரு மாதத்துக்கு மேல் கால் வலி உள்ளவர்கள் எத்தனை பேர்? அவர்களில் சர்க்கரை பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2. கடந்த ஒரு வருடத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதிய கடன்கள் எத்தனை? அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டோமா?

3. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படும் உறுப்பினருக்குத் துணையாக யார் போவது?

4. விரல் தொடு சோதனையை எந்தக் கூட்டத்தில் செய்யலாம்?

ஒரு எச்சரிக்கை. கேட்பது அக்கறைக்காக, ஊர் வம்புக்காக இல்லை. கூட்டத்தில் சொல்ல விருப்பம் இல்லாதவரிடம் ஊக்குநரோ பிரதிநிதியோ தனியாகப் பேசலாம். என்ன நோய் என்று நோட்டில் எழுத வேண்டியதில்லை. "டாக்டரிடம் காட்டியாச்சா? என்ன பரிசோதனை செய்தாங்க? அடுத்து எப்போ வரச் சொன்னாங்க?" இந்த மூன்றைக் கேட்டால் போதும். கடன் கொடுக்காமல் நிறுத்துவதற்காகவும் கேட்கக் கூடாது. கொடுக்கிற கடன் சரியான வைத்தியத்துக்குப் போய்ச் சேரத்தான் கேட்கிறோம்.

அந்த அக்கா இப்போது வேலைக்குப் போகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், எம்.சி.ஆர். செருப்பு போட்டிருக்கிறார். கூட்டத்துக்கு வந்தால் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, மிச்சமிருக்கும் எட்டு விரலை நீட்டுகிறார். புதிதாகச் சேர்ந்த பெண்களைக் கூப்பிட்டு, "என் காலைப் பார்த்துட்டு உன் காலைப் பாரு தாயி" என்கிறார்.

அவர் கேட்டபடி, குழுவின் தீர்மான நோட்டில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: "மருத்துவக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் நாலு கேள்வி கேட்டு, துணைக்கு ஒருவரை அனுப்புவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

உங்கள் குழு நோட்டிலும் இந்த மாதம் அந்த வரி ஏறட்டும், சகோதரிகளே!